தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே அண்ணன்

தெருவில் எல்லாரும் அவளை சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். அவள் நர்ஸ் அல்ல. வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள முறையாகப் பயிற்சி எடுத்து, காலமெல்லாம் அந்த வேலையைச் செய்து, இடுப்பு ஒத்துழைக்க மறுத்த பிறகு ஓய்வுக்கு வந்தவள். ஊசி போட்டதில்லை, மருந்து எழுதியதில்லை. புரட்டுவது, தூக்குவது, துடைப்பது, குளிப்பாட்டுவது, இவ்வளவுதான் அவள் வேலை. அதிலும் குளிப்பாட்டுவது அவளுக்குக் கைவந்த கலை. முழங்கையைத் தண்ணீரில் விட்டுச் சூடு பார்ப்பாள். எங்கே கை வைக்கப்போகிறாளோ அதை வாயால் சொல்லிவிட்டுத்தான் வைப்பாள். "இப்ப இடது தோள்" என்பாள். நினைவு தப்பிக் கிடப்பவர்களிடமும் சொல்வாள்.

கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அதில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை.

வேலைக்குப் போன வீடுகள் சிலவற்றில் குளியல்தொட்டி இருந்தது. நன்றாக நடமாடிய காலத்தில் அந்த வீட்டுக்காரர்கள் அதில் பழைய பேப்பர் அடுக்கியிருப்பார்கள், துணி ஊறவைத்திருப்பார்கள். யாராவது படுத்த படுக்கையான பிறகுதான், வெந்நீரில் உட்காரவைத்தால் நல்லதாமே என்று அதைத் தேய்த்துக் கழுவுவார்கள். அப்படி ஒரு வீட்டில் அச்சகம் நடத்திய அம்மா ஒருவர் இருந்தார். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. மற்ற நேரமெல்லாம் எரிந்து எரிந்து விழுவார். தொட்டியில் இறக்கியதும் கண்ணை மூடிக்கொண்டு, குழறும் நாக்கால், "யார் கூப்பிட்டாலும் நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிடு" என்பார். அதன்பிறகு ஒரு வார்த்தை பேசமாட்டார். தொட்டி விளிம்போரம் முழங்கால் நோக மண்டியிட்டபடி சிஸ்டர் யோசிப்பாள். இந்த அம்மா கால் நன்றாக இருந்தபோது ஒரு நாளாவது இதில் இப்படிப் படுத்திருக்கலாமே, யார் வேண்டாம் என்றது?

யோசித்ததோடு விடவில்லை. ஓய்வுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் வீட்டுக்கு ஒரு குளியல்தொட்டி வாங்கினாள்.

வீடு கீழும் மேலுமாக இரண்டு தளம். கீழே அண்ணனும் அண்ணியும், மேலே அவள். அப்பா இருந்தபோதே அளந்து பிரித்துக் கொடுத்துவிட்டார். அவர் பிரிக்காமல் விட்டது தண்ணீரை மட்டும். மேல்மாடிக்குப் போகும் குழாயின் வால்வு கீழே, அண்ணன் பக்கத்து மாடிப்படிக்கு அடியில் இருந்தது. இத்தனை நாளில் அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அண்ணன் லாரி எடை போடும் மேடையில் வேலை பார்த்தவர். பாரத்தோடு வரும் லாரியை ஏற்றி, எடையைப் பார்த்து, சீட்டு எழுதி அனுப்புவது. கண்ணால் பார்த்தே பாரத்தைச் சொல்வேன் என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்வார். அவருடைய பாரத்தைச் சொல்லத்தான் யாருக்கும் துணிவில்லை. சின்ன வயதில் தங்கை அவரை மூட்டை என்பாள், அவர் அவளைக் குச்சி என்பார். தங்கை வளர்ந்ததும் அண்ணா என்று மாற்றிக்கொண்டாள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

தொட்டி வந்து இறங்கிய அன்று அவர்தான் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னடி குச்சி இது, படகா?"

"பாத்டப்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்ல."

"முதுகுவலிக்கா?"

"இல்லண்ணா. படுத்துக்கறதுக்கு."

"வீட்ல கட்டில் இல்லையா?"

"கட்டில்ல தண்ணி நிக்காது."

தொட்டியைத் தூக்கி வந்த ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணனுக்கு முகம் கறுத்தது. இந்த வயதில் இது என்ன ஆடம்பரம், வழுக்கி விழுந்தால் யார் தூக்குவது, தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று மூச்சுவிடாமல் பேசினார். தெருவில் நாலு பேர் குளிக்கிறார்களா இல்லையா என்று நான் கேட்டேனா என்றாள் அவள்.

அன்றைக்கே அண்ணி மாடிக்கு வந்தாள். நல்ல மனசு, சண்டை என்றால் அவளுக்கு ஆகாது.

"ஏம்மா, உனக்கு நிஜமாவே முதுகு வலிக்குதுல்ல? எத்தனை பேரைத் தூக்கின முதுகு அது. முதுகுக்காகத்தான் வாங்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். மனுஷன் வாயை மூடிக்குவாரு."

"வலிக்குது, அண்ணி. அதுக்காக வாங்கல."

"சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்?"

"குறையும். நோயாளி ஆனாதான் ஒரு பொம்பளைய வெந்நீர்ல உக்கார விடுவாங்கன்னா, அந்த நோய் எனக்கு வேண்டாம். எனக்கு ஆசை. வாங்கினேன். இதுக்கு மேல ஒரு காரணமும் நான் சொல்லப்போறதில்ல."

அண்ணி தொட்டியை ஒருதரம் தடவிப் பார்த்தாள். "வழுவழுன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தொட்டியைப் பதித்தவர் ஒரு கொத்தனார். வேகமான ஆள், வாயும் வேகம். ஃபைபர் தொட்டி, அடியில் கால்கள் வைத்தது. நீளப் பக்கமும் தலைப்பக்கமும் டைல்ஸ் ஒட்டிய சுவரை ஒட்டி நின்றது. ஒட்டி என்றால் முழுதாக ஒட்டி இல்லை. நடுவே இடைவெளி இருந்தது. மூலையில் சுண்டுவிரலே நுழையும். கொத்தனார் வெள்ளை சிமெண்டைக் குழைத்து அந்த இடைவெளி முழுக்க அப்பி, ஈரத்துணியால் துடைத்து, "கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு பாருங்கம்மா" என்றார். உண்மையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சிஸ்டர் தண்ணீர் நிரப்பி உள்ளே இறங்கினாள். வெந்நீர் இடுப்பில் ஏறி, முதுகில் ஏறி, கழுத்தைத் தொட்டபோது தன்னையறியாமல் "ஆ" என்றாள். அடுத்து சுவரோரம் நறநற என்று ஒரு சத்தம். வெள்ளை சிமெண்ட் நெடுக விரிசல் விட்டிருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கைக்குழாயைத் திறந்து தலையை அலசினாள். தண்ணீர் டைல்ஸில் பட்டு, வழிந்து, விரிசலுக்குள் இறங்கி, தொட்டிக்கடியில் ஓடி, தளத்தில் ஊறி, கீழே கட்டிலில் மல்லாந்து மத்தியானத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்த அண்ணனின் நெற்றியில் சொட்டியது.

அவர் எழுப்பிய சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

கொத்தனாரைக் கூப்பிட்டாள். அவர் போனிலேயே தீர்த்துவிட்டார். "எத்தனை பாத்ரூம் போட்டிருக்கேன் தெரியுமாம்மா? சிமெண்ட் விரிசல் விட்டுச்சுன்னா நீங்க உள்ள குதிச்சிருப்பீங்க."

"என்னைப் பார்த்தா குதிக்கற ஆள் மாதிரி தெரியுதா?"

"பார்த்தா தெரியல. கேட்டா தெரியுது."

அவரை விட்டுவிட்டாள். ஆளைத் துரத்திக்கொண்டு ஓடுவதில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. வேலையை அவிழ்த்துப் பார்த்தால் ஓரளவு புரிந்துவிடும். இரும்புச் சாமான் கடையில் விசாரித்தாள். கடைக்காரம்மா, "அங்க சிமெண்ட் வெக்கவே கூடாது, சிலிகான்தான். ரப்பர் மாதிரி இழுத்துக் குடுக்கும்" என்று ஒரு குழலும், அதை மாட்டி அழுத்தும் துப்பாக்கி போன்ற கருவியும், பேப்பர் டேப்பும் கொடுத்தாள். பூஞ்சை பிடிக்காத ரகமாகப் பார்த்துக் கொடுத்தாள். அதைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். சமையலறைக்கு விற்கும் மலிவு ரகத்தைக் குளியலறையில் வைத்தால் ஒரு மழைக்காலத்தில் கறுத்துப்போகும்.

சிஸ்டர் சிமெண்டைச் சுரண்டி எடுத்தாள், துடைத்தாள், காயவைத்தாள், சிலிகானை இழுத்துப் பூசினாள். முதல்தரம் என்பதால் கொஞ்சம் மேடுபள்ளம். ஆனாலும் இறுகிப் பிடித்தது. விரலால் அழுத்திப் பார்த்தாள், ரப்பர்தான். நிம்மதியாகத் தண்ணீர் நிரப்பி இறங்கினாள். இந்தத் தடவை நறநற சத்தம் இல்லை. அதனால்தான் அவளுக்குத் தெரியவில்லை. மூலையில் சிலிகான் டைல்ஸை விட்டு உதடு பிரிவது போலச் சத்தமில்லாமல் பிரிந்திருந்தது.

இந்தத் தடவை அண்ணன் கட்டிலை நகர்த்திப் போட்டிருந்தார். சொட்டு சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது.

அவர் கத்தவில்லை. அதுதான் கெட்ட அறிகுறி. தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, மாடிப்படிக்கு அடியில் குனிந்து, வால்வைத் திருகி மூடி, அதன் கைப்பிடியில் சங்கிலி சுற்றி ஒரு பூட்டைப் போட்டார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே பார்த்துச் சொன்னார்.

"குச்சி! அந்தப் படகு எப்ப வெளிய போகுதோ அப்ப உனக்குத் தண்ணி மேல வரும். அதுவரைக்கும் குடிக்க, சமைக்க, கீழ வந்து பிடிச்சுக்கோ."

"அப்பா வால்வை உனக்கு எழுதி வெச்சாரா?"

"சீலிங்கை எழுதி வெச்சாரு. அது என்னோடது. நனைஞ்சிருக்கு."

அதில் நியாயம் இருந்தது. சிஸ்டருக்கும் தெரியும். தெரிந்ததால் இன்னும் கோபம் வந்தது.

அதற்கப்புறம் ஒரு வாரம் போல அவள் குடமும் கையுமாக இறங்கினாள், ஏறினாள். அண்ணன் முன்னறையில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேப்பர் நகராது, பக்கமும் திரும்பாது. ஒவ்வொரு படியாக அவள் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வது அவருக்குக் கேட்கும். "தொட்டியை எடுத்துடறேன்னு ஒரு வார்த்தை" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வரும். "பேப்பர் தலைகீழா இருக்கு" என்று இவள் சொல்லிவிட்டு ஏறுவாள். ஒரு தடவை நிஜமாகவே தலைகீழாக இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் தொட்டியை விற்றிருப்பார்கள். ஏன் ஒழுகுகிறது என்பது மட்டும் அவளுக்குப் பிடிபட்டிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பாள். நல்ல பொருள், சுத்தமான சுவர், காய்ந்த இடம். பிறகேன் பிரிந்தது?

அது பிடிபட்டது அண்ணியின் முட்டியில்.

அண்ணி வாசற்படியில் தடுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். மருந்து போட சிஸ்டரிடம்தான் வந்தாள். சிஸ்டர் காயத்தைக் கழுவி, துடைத்து, பிளாஸ்திரியைப் பிரித்தாள். அண்ணி காலை வாகாக நீட்டினாள்.

"நீட்டாதீங்க. மடக்குங்க."

"நீட்டினாதானே ஒட்ட வசதி?"

"ஒட்ட வசதி. ஆனா நீங்க நடக்கணுமே. நீட்டி வெச்சு ஒட்டினா, மடக்கும்போது தோல் இழுக்கும், பிளாஸ்திரி பிச்சுக்கும். மடக்கி வெச்சு ஒட்டினா நீட்டும்போது சும்மா சுருங்கிக்கும், அவ்வளவு..."

அங்கேயே நின்றுபோனாள். ஒரு கையில் பிளாஸ்திரி, ஒரு கையில் அண்ணியின் முட்டி.

"என்னம்மா, காயம் பெருசா?"

"அண்ணி, நான் நீட்டி வெச்சு ஒட்டியிருக்கேன்."

"எதை?"

"தொட்டியை! காலியா இருக்கும்போது ஒட்டிட்டேன். தண்ணி நிரப்பி, மேல நான் ஏறினதும் அது இறங்குது. இறங்கினா இழுக்கும். இழுத்தா பிரியாம என்ன செய்யும்?"

பயிற்சி முடித்த முதல் வாரத்தில் கற்ற பாடம். எத்தனை முட்டிக்கு, எத்தனை முழங்கைக்கு அப்படி ஒட்டியிருப்பாள். தன் வீட்டுத் தொட்டிக்கு மட்டும் மறந்துபோயிற்று. தன்னைத்தானே திட்டிக்கொண்டாள், ஆனால் அதற்கு அதிக நேரம் செலவழிக்கவில்லை. பிளாஸ்திரியை ஒட்டி அண்ணியை அனுப்பிவிட்டு, பிளேடை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

பழைய சிலிகானை ஒரு நூல் விடாமல் உரித்தாள். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தொட்டி விளிம்பையும் டைல்ஸையும் துடைத்தாள். மின்விசிறியைக் கொண்டுபோய் வைத்து, இடுக்கெல்லாம் காயவிட்டாள். மூலையின் பெரிய இடைவெளிக்குள் நுரைப் பஞ்சைத் திரியாக நறுக்கிச் செருகினாள். சிலிகான் உள்ளே விழுந்து வீணாகாமல் அதன்மேல் உட்காரும். எல்லாம் தயார். இனி தொட்டியை மடக்க வேண்டும். அதாவது நிரப்ப வேண்டும்.

நிரப்பத் தண்ணீர் இல்லை.

மறுநாள் காலையில் இரண்டு வாளிகளோடு கீழே இறங்கினாள். கொல்லைக் குழாயில் பிடித்தாள், முன்னறை வழியாகத் தூக்கிக்கொண்டு ஏறினாள், ஊற்றினாள், இறங்கினாள். குடத்துக்குப் பதிலாக வாளியைப் பார்த்ததும் அண்ணனின் பேப்பர் தாழ்ந்தது.

"என்ன செய்யறே?"

"தொட்டியை நிரப்பறேன்."

"அந்தத் தொட்டியையா? வாளியாலயா?"

"வாளியாலதான். வாளிக்குப் பூட்டு இல்லையே."

அவர் பேப்பரை உயர்த்தினார். அவள் ஏறினாள், இறங்கினாள். தண்ணீர் படியெல்லாம் சிந்தியது. அண்ணி பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தாள், துடைத்தபடியே கணவரை முறைத்தாள். தொட்டி பாதி நிரம்பியபோது சிஸ்டரின் முதுகு, இனி முடியாது என்று சொல்லிவிட்டது. வாளியைப் படியில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"சாவியைக் குடுங்க" என்றாள் அண்ணி.

"கேட்டாளா அவ? கேட்கட்டும்" என்றார் அண்ணன்.

"நான் கேட்கமாட்டேன்" என்றாள் சிஸ்டர், மூச்சு வாங்கிக்கொண்டு. "அண்ணா, ஒண்ணு சொல்லு. உன் எடைமேடையைச் சுத்தி இடைவெளி விட்டிருப்பாங்களே, ஏன்?"

தொழிலைப் பற்றிக் கேட்டால் அவருக்கு வாய் நிற்காது. "விடாம? பாரம் ஏறினா தட்டு இறங்கணும்ல. ஒரு கல்லு சிக்கினாக்கூட எடை தப்பாயிடும். காலி லாரிக்கு ஒரு மாதிரி இறங்கும், பாரத்துக்கு ஒரு மாதிரி. கண்ணுக்குத் தெரியாது. ஆனா இறங்கும்." பேச்சை நிறுத்தினார். சீலிங்கைப் பார்த்தார். "உன் படகும் இறங்குதா?"

"இறங்குது. இறங்கின நிலையில வெச்சு ஒட்டினா ஒழுகாது. பாதிதான் நிரம்பியிருக்கு. மீதிப் பாரம் வேணும். ஒண்ணு வால்வைத் திற. இல்லைன்னா நீ வந்து உள்ள உட்காரு."

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வால்வைத் திறந்தால் தோற்றதாகிவிடும். அண்ணன் அதை நன்றாக யோசித்தார். உட்கார்ந்தால் அது தோற்றதாகாது. தன் சீலிங்கைக் காப்பாற்றப் போன மாதிரி. பேப்பரை மடித்துவைத்தார்.

"சரி. உட்கார்றேன். அதுக்கப்புறமும் ஒரு சொட்டு விழுந்தா சுத்தியலோட நானே வருவேன். நீ குறுக்க நிக்கக் கூடாது."

"நிக்கமாட்டேன். நானே பிடிச்சுக் குடுக்கறேன்."

பழைய அரைக்கால் சட்டையும் பனியனுமாக அவர் தொட்டிக்குள் ஒரு காலை வைத்து, "ஐயோ, பச்சைத் தண்ணி!" என்று அலறினார். இன்னொரு காலையும் வைத்தார். சுவரைப் பிடிக்கப் போனவரை, "டேப் ஒட்டியிருக்கேன், தொடாத!" என்று சிஸ்டர் அதட்டினாள். தொழில் குரல் அது. அந்தக் குரலுக்கு மேஜர்களும் தலைமையாசிரியர்களும் அடங்கியிருக்கிறார்கள். "இப்ப வலது கையைத் தொட்டி விளிம்புல வை. இப்ப உட்காரு. மெதுவா." அவர் உட்கார்ந்தார். தண்ணீர் சட்டென்று மார்புக்கு ஏறியது. தொட்டி ஒரு முனகல் முனகியது. சிஸ்டர் குனிந்து மூலையைப் பார்த்தாள். இடைவெளி ஒரு நூல் அளவுக்கு வாய் திறந்திருந்தது.

"இறங்கிடுச்சு" என்றாள். வெற்றியில் அவள் குரல் கீச்சென்றது.

"எவ்வளவு?" என்று கேட்டார், தொழில்காரர்.

"உன் அளவுக்கு."

குழல் நுனியைச் சாய்வாக வெட்டி, மூலையிலிருந்து தொடங்கி, ஒரே இழுப்பாக இழுத்தாள். தலைப்பக்கம் வந்தபோது அண்ணனின் காதை ஒட்டிக் கை போக வேண்டியிருந்தது. "மூச்சு விடாத" என்றாள். விடவில்லை. சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து நெடுக ஒரே தடவு. மேலும் கீழும் ஒட்டியிருந்த டேப்பை ஈரம் காயுமுன் உரித்தாள். வெள்ளையாக, வழவழப்பாக, ஒரு கோடு.

"முடிஞ்சுதா? எழுந்திருக்கட்டுமா?"

"எழுந்தா தொட்டி மேல வரும். இது இன்னும் ஈரம். அமுங்கிப் பிதுங்கிடும்."

"அப்ப எவ்வளவு நேரம்?"

"பால்ல ஆடை கட்டற மாதிரி மேல தோல் கட்டணும். அப்புறம் உள்ள இறுகணும். நாளைக்கு இந்நேரம் வரைக்கும் பாரம் இருக்கணும்."

"நாளைக்கா!"

"இல்லைன்னா உன் எடைக்குத் தண்ணி விடணும். வாளி அங்க இருக்கு. என் முதுகு இங்க இருக்கு."

அண்ணன் அவளைப் பார்த்தார். அவள் துப்பாக்கியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் குறும்பும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் வீம்பாக உட்கார்ந்திருந்தார். பல் கிடுகிடுத்தது. தண்ணீரில் விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போனது. கடைசியில் வீடே அதிரக் கூப்பிட்டார்.

"ஏய்! என் சட்டைப் பையில சாவி இருக்கு! வால்வைத் திற!"

அண்ணி சாவியை எப்போதோ எடுத்து வைத்திருந்தாள். பூட்டு விழும் சத்தம் கேட்டது. குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு தண்ணீர் கொட்டியது. சிஸ்டர் சுவரில் தெறிக்காமல் குழாய்க்கடியில் துணியைத் தொங்கவிட்டாள். வெந்நீரும் ஏற்பாடாயிற்று. முழங்கையை விட்டுப் பார்த்து அளவாகக் கலந்துவிட்டாள்.

சூடு ஏற ஏற அண்ணனின் தோள்கள் காதிலிருந்து இறங்கின. திட்டுவதற்குத் திறந்த வாய் அப்படியே கொஞ்சம் திறந்திருந்தது.

"போதும், எழுந்திருங்க. தண்ணி வந்தாச்சே" என்றாள் அண்ணி கதவோரத்திலிருந்து.

"இரு. பாரம் பத்தாது."

"பத்தும்" என்றாள் சிஸ்டர்.

"எடையைப் பத்தி எனக்குச் சொல்லித் தராத." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "இன்னும் கொஞ்சம் வெந்நீர் விடு."

வெள்ளைக் கோட்டின் மேல் தோல் கட்டியதும் ஒருவழியாக அவரை எழுப்பி, அவர் எடுத்துக்கொண்டு போன இடத்துக்கும் சேர்த்துத் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, கதவைச் சாத்தினாள். மறுநாள் வரைக்கும் யாரையும் உள்ளே விடவில்லை. அண்ணி இரண்டு தரம் கதவிடுக்கில் எட்டிப் பார்த்ததாகக் கேள்வி.

அன்று கீழே போகும்போது தலையைத் துவட்டிக்கொண்டே அண்ணன் படியில் நின்றார். சமாதானத்துக்கு வந்த முகம்.

"குச்சி, ஒண்ணு செய்யலாம். வெளியில யாராவது கேட்டா, முதுகுவலிக்காக டாக்டர் சொல்லி வாங்கினதுன்னு நானே சொல்லிடறேன். கௌரவமா இருக்கும்."

"யாருகிட்டயாவது அப்படிச் சொன்னே, நீ உள்ள உட்கார்ந்து வெந்நீர் கேட்டதைத் தெருவுக்கே சொல்லுவேன்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் தொட்டியின் அடைப்பை எடுத்துத் தண்ணீரை வெளியே விட்டாள். தொட்டி மெல்ல மேலெழும்பியது. வெள்ளைக் கோடு சுருங்கி, லேசாகப் புடைத்து, அப்படியே ஒட்டி நின்றது. மடக்கிய முட்டியை நீட்டினால் பிளாஸ்திரி எப்படிச் சுருங்குமோ அப்படி. மூலையில் நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தாள். வரவில்லை. ஆனால் இதெல்லாம் சாட்சி ஆகாது. சாட்சி கீழே இருந்தது.

கீழே அண்ணன் கட்டிலைப் பழைய இடத்துக்கே நகர்த்திப் போட்டு, சீலிங்கில் கறை இருந்த இடத்துக்கு நேர்கீழே ஒரு பித்தளைத் தட்டை வைத்து, சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பித்தளை ஏன் என்று அண்ணி கேட்டாள். சொட்டு விழுந்தால் சத்தம் கேட்கும் என்றார்.

"விடு!" என்று மேலே பார்த்துக் கத்தினார்.

சிஸ்டர் விட்டாள். விளிம்புவரை நிரப்பினாள். ஆடையைக் களைந்தாள், உள்ளே நின்றாள், ஒரு காலில் பாரம் போட்டுப் பார்த்தாள், மறு காலில் போட்டாள், பிறகு வேண்டுமென்றே தொப்பென்று உட்கார்ந்தாள். கொத்தனார் சொன்னாரே, அந்தக் குதிப்பைத்தான் குதித்தாள். கைக்குழாயைத் திறந்து டைல்ஸ் சுவரின் மேல் நெடுக, மூலையில், தலைப்பக்கத்தில், தாராளமாக அடித்தாள். தண்ணீர் சுவரில் வழிந்து வந்து வெள்ளைக் கோட்டைத் தொட்டது. நின்றது. வேறு வழியில்லாமல் தொட்டிக்குள் திரும்பி வந்து விழுந்தது.

தலையைச் சாய்த்தாள். வெந்நீர் கழுத்துக்கு வந்தது. இந்த முதுகு தூக்கிய உடம்புகள் எத்தனையோ. அவற்றில் ஒன்றுகூட இப்போது அவள் மேல் இல்லை.

கீழே தட்டு சத்தம் போடவில்லை. அண்ணன் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நேரம் போயிற்று. சுத்தியல் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதுதான் அந்த அறையில் கேட்ட ஒரே சத்தம்.

"குச்சி! போதும், வெளிய வா! விழல!"

குழாயில் வெந்நீர் திறக்கும் ஓசை கேட்டது.

"குச்சி! காதுல விழுதா? முதுகு எப்படி இருக்கு?"

"முதுகைப் பத்திக் கேக்காத!"

"சரி, கேக்கல. அப்புறம் என்ன பண்றே அங்க?"

"படுத்திருக்கேன்!"

அண்ணி கையில் துண்டோடு மாடிப்படியின் அடியில் வந்து நின்றாள். இவ்வளவு நாள் துடைத்ததற்கும் முறைத்ததற்கும் தனக்கும் ஒரு முறை உண்டு என்ற நினைப்பு முகத்தில் தெரிந்தது. "ஏம்மா, அடுத்தது எப்ப?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மேலேயிருந்து நனைந்த குரல் வந்தது.

"அண்ணி, யார் கூப்பிட்டாலும் நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிடுங்க."